ஸ்டெப்னி

ஸ்கூட்டர் சக்கரத்தைத் தானே கழற்றி மாட்டிக்கொள்வது பற்றி ஓர் இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விமர்சனம் எழுதுகிற நாங்கள் 'இறுக்கம்', 'கச்சிதம்', 'நெகிழ்வு', 'பிசிறு', 'பூட்டு' என்ற வார்த்தைகளைத் தாராளமாகப் புழங்குகிறோம். ஒரு கவிதை இறுக்கமாக இருக்கிறது என்று நான் எழுதும்போது அந்த வார்த்தை என்னுடையதல்ல. கயிறு முறுக்குகிறவனிடமிருந்தும் நட்டைத் திருகுகிறவனிடமிருந்தும் கடன் வாங்கியது. தமிழில் புத்தி பேதலித்தவனைப் பற்றிப் பேசும்போதுகூட 'மரை கழன்றவன்' என்றுதான் சொல்கிறோம். சொல்கிறவர்களில் எத்தனை பேர் ஒரு மரையை விரலால் தடவிப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். நான் வங்கி குமாஸ்தா. வாங்கிய கடனுக்குக் கணக்கு ஒன்று எங்காவது இருக்கவேண்டும் என்பது என் தொழில்புத்தி.

என்னிடம் இருப்பது 1993இல் அப்பா வாங்கிய பஜாஜ் சேத்தக். பதினைந்து வருஷம் முடிந்ததும் 2008இலும், அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை 2013, 2018, 2023 என்றும் பதிவைப் புதுப்பித்து இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. கும்பகோணத்திலிருந்து பாபநாசம் வழியாக நான் வேலை பார்க்கும் கிளைக்கும் திரும்பவும் அதில்தான் போய்வருகிறேன். சக ஊழியர்களுக்கு இது ஒரு வேடிக்கை. வாட்ஸாப்பில் பழைய விளம்பரப் படங்களை அனுப்புவார்கள். 1989இல் வந்த அந்தத் தொலைக்காட்சி விளம்பரப் பாட்டைப் பாடிக் காட்டுகிறவரும் உண்டு. இந்த ஏக்கத்தில் எனக்கு மரியாதை இல்லை. பொருளைக் கைவிட்டபின் அதன் படத்தைக் கும்பிடுகிற காரியம் இது. கும்மட்டி அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், சேத்தக் என்று பட்டியல் போட்டால் கட்டுரையாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நம்மில் நிறைய. அம்மியில் அரைத்தவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

எனக்கு அந்த வண்டியில் அக்கறை வேறொரு காரணத்தினால். அதன் வம்சாவளி வெஸ்பா. பஜாஜ் நிறுவனம் இத்தாலியின் பியாஜியோவிடம் உரிமம் பெற்று 1960களில் இங்கே வெஸ்பாவைத் தயாரித்தது. 1971இல் உரிமம் முடிந்ததும் கிட்டத்தட்ட அதே உடம்புக்கு 1972இல் ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரைச் சூட்டியது. மூலமான வெஸ்பாவை 1946இல் உருவாக்கியவர் கொர்ராதினோ தாஸ்கானியோ. அவர் விமானப் பொறியாளர், ஹெலிகாப்டர்களில் மோகம் கொண்டவர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. செயின் எண்ணெய் உடுப்பைக் கெடுக்கிறது, ஏறி உட்காரச் சௌகரியமில்லை, நடுவழியில் காற்றுப் போய்விட்டால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு. பிடிக்காததனால்தான் அவரால் புதிதாக ஒன்றைச் செய்ய முடிந்தது. விமானம் தரையிறங்கும் சக்கரத்தைப் போல, முன்சக்கரத்தை ஒரு பக்கத்துக் கையில் மட்டும் தொங்கவிட்டார். இரண்டு பக்கமும் கவை இருந்தால் அச்சை உருவியாக வேண்டும். ஒரு பக்கம் திறந்திருந்தால் காரில் போலச் சில நட்டுகளை எடுத்ததும் சக்கரம் கைக்கு வந்துவிடுகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவுச் சக்கரம். ஆகவே பின்னால் ஏற்றிவைத்த உபரிச் சக்கரம் ஒன்று, எதற்கும் பொருந்தும்.

தான் வழியில் நின்றுபோகும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலையே தன் வடிவமாக ஆக்கிக்கொண்ட யந்திரம் அது. அதோடு, நிற்கும்போது பக்கத்தில் நிபுணர் யாரும் இருக்கமாட்டார் என்றும், ஓட்டுகிறவனே நல்ல உடுப்போடு குனிந்து சரிசெய்துகொள்வான் என்றும் அனுமானித்தது. தன் வாசகனைப் பற்றி இவ்வளவு மரியாதையான அனுமானம் கொண்ட நூல்கள் நம் மொழியில் சொற்பம். 

இங்கே ஸ்டெப்னி என்ற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம். ஆரம்பகால மோட்டார் கார்களில் உபரிச் சக்கரம் கிடையாது. வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் இருவர் 1904இல் ஆரமில்லாத ஒரு ரிம்மில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பழுதான சக்கரத்தின் மேலேயே பற்றவைத்துக்கொள்ளும்படி விற்றார்கள். அவர்கள் கடை இருந்த தெரு ஸ்டெப்னி தெரு. தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்தது. இன்று இங்கிலாந்துக்காரனிடம் ஸ்டெப்னி என்றால் லண்டனின் ஒரு பகுதியைத்தான் நினைப்பான். நம் லாரி டிரைவர்களிடம் அந்த வார்த்தை இன்னும் உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருப்பதற்கு அடையாளம், அது கெட்டும் போயிருக்கிறது. ஒருவனுடைய 'இன்னொருத்தி'யைக் குறிக்க டீக்கடையில் இந்தச் சொல்லைச் சாதாரணமாகக் கேட்கலாம். கலைச்சொல்லாக்கக் குழுக்களின் 'மாற்றுச் சக்கரம்' ஒருநாளும் இந்தப் பாக்கியத்தை அடையப்போவதில்லை.

இனி வேலை. முன்சக்கரத்தில் காற்றுப் போனால் கைப்பிடி கனக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பின்சக்கரமானால் இடுப்புக்குக் கீழே ஒரு ஆட்டம். உடனே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை அழுத்தாமல், ஓரமாகக் கட்டாந்தரை பார்த்து நிறுத்தவேண்டும். மணலிலும் சரிவிலும் ஸ்டாண்டு நிற்காது. பெட்ரோல் குழாயை மூடவேண்டும், ஏனென்றால் பின்சக்கரத்துக்கு வண்டியைச் சாய்த்தாக வேண்டியிருக்கும். கியரில் போட்டுவிட்டால் பின்சக்கரம் சுற்றாது. சக்கரம் தரையில் அழுந்தி நிற்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று இளக்கிவிட வேண்டும். தூக்கியபின் இளக்கப் போனால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டியும் ஆடும்.

எந்த நட்டு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சேத்தக்கின் ரிம் ஒரே துண்டல்ல, இரண்டு பாதிகள். பாதிகளை ஒன்றோடொன்று சேர்க்கும் நட்டுகள் ஒரு வரிசை. சக்கரத்தை டிரம்மோடு சேர்க்கும் நட்டுகள் இன்னொரு வரிசை. சக்கரத்தைக் கழற்றுகிறவன் தொடவேண்டியது இரண்டாவதை. காற்று இருக்கும் சக்கரத்தில் முதல் வரிசையைக் கழற்றினால் உள்ளே அடைபட்ட காற்று இரண்டு பாதிகளையும் உதைத்துப் பிரிக்கும். முகம் அருகே இருந்தால் முகம் போகும். பஞ்சர் ஒட்டுவதற்காக ரிம்மைப் பிரிக்கும்போதும் மிச்சக் காற்றையெல்லாம் வால்வைத் திறந்து வெளியேற்றிய பிறகுதான் ஸ்பானரை வைக்கவேண்டும். பார்வைக்கு ஒரே ஜாதி நட்டுகள். அளவில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அவை எதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்தால் மட்டுமே எதைத் தொடலாம் என்று தெரியும். இதைக் கவிதை விமர்சனத்துக்கு உவமையாக்கும் ஆசை எனக்கு வருகிறது. அடக்கிக்கொள்கிறேன். தமிழ்க் கட்டுரையாளன் கையில் சிக்கிய எந்தப் பொருளும் பொருளாகத் தப்பித்துப் போனதில்லை. சக்கரம் என்றதுமே தர்மசக்கரம், காலசக்கரம் என்று கிளம்பிவிடுவோம்.

ஸ்டெப்னியை மாட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் கையால் திருகவேண்டும். மரை சரியாக ஏறுகிறதா என்பதை விரல்தான் சொல்லும். ஸ்பானர் முரட்டுத்தனமாக எதையும் ஏற்றிவிடும். பிறகு ஒன்றைக் கொஞ்சம், அதற்கு எதிரே இருப்பதைக் கொஞ்சம். ஒன்றையே முழுசாக முடுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் இடைவெளி விடும். வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றியபின் கடைசி முடுக்கு. அந்தக் கடைசி முடுக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. ஸ்ப்ரிங் வாஷர் நசுங்கி, ஸ்பானர் ஒரு இடத்தில் கெட்டிப்படும்; அதற்குமேல் ஒரு இழுப்பு. மேலே ஏறி நின்று மிதிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அடுத்த தடவை நட்டு கழலாது, அல்லது மரை போகும்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் அப்பா. அவர் தபால் இலாகாவில் ரயில் தபால் பிரிப்பு வேலையில் இருந்தவர். ராத்திரி ரயிலில் நின்றுகொண்டே கடிதங்களைப் புறா மாடங்களில் எறிந்து பிரித்த கை. எனக்கு ஏழெட்டு வயதில், அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு அய்யம்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகையில் வண்டி நின்றது. பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு, ஒரு பழைய தினசரியை விரித்து, அதன் மேல் ஒரு முழங்காலை ஊன்றினார். நட்டுகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். மூடாதே, திறந்தே வைத்திரு, எண்ணிக்கொண்டே இரு என்றார். சூடாக இருந்தன. கல்யாண வீட்டுக்காரர்களின் கார் ஒன்று நின்றது. உள்ளே இருந்தவர் இறங்காமலே, "ஏன் சார், ஆளைக் கூப்பிட்டுக்கறதுதானே, நீங்க போய் இதெல்லாம்..." என்றார். அப்பா தலை நிமிராமல், "இதோ ஆச்சு" என்றார். அந்த 'நீங்க போய்' என்ற இரண்டு வார்த்தைகளில் நம் சமூகவியல் பூராவும் இருக்கிறது என்பது எனக்குக் கல்லூரி முடித்த பிறகுதான் உறைத்தது.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே ராபர்ட் பர்சிக்கின் பெயரைச் சொல்வார்கள். 1974இல் வந்த அவருடைய மோட்டார் சைக்கிள் பராமரிப்புப் புத்தகம் எனக்குப் பிடித்தமானதுதான். அதில் ஒரு இடம்: நண்பனின் விலையுயர்ந்த ஜெர்மன் வண்டியில் கைப்பிடி நழுவுகிறது. பீர் டப்பாவின் தகட்டை வெட்டிச் சந்தில் சொருகினால் போதும் என்கிறார் கதைசொல்லி. நண்பனுக்கு அது அவமானமாகப் படுகிறது. மிக நுட்பமான இடம். ஆனால் அதன் பிரச்னை நம் பிரச்னையல்ல. அங்கே ஒருவன் தன் வண்டியைத் தானே சரிசெய்யவில்லை என்றால் யந்திரத்திடமிருந்து அந்நியமாகிறான். இங்கே ஒருவன் தன் வண்டியைத் தானே சரிசெய்துகொள்வதில்லை என்றால், அதற்கென்று ஒரு ஆள் புளியமரத்தடியில் தலைமுறையாகக் காத்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் காரணம். படிப்பு என்பதே கையை அழுக்காக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கான உரிமப் பத்திரம் என்று நம் வீடுகளில் சொல்லித்தான் படிக்கவைத்தார்கள். என் அம்மாவும் சொல்லியிருக்கிறாள்.

நம் நவீனப் புனைகதையிலும் இதன் சாயல் உண்டு. மனத்தின் ஒவ்வொரு சலனத்தையும் பின்தொடரத் தெரிந்த எழுத்தாளனுக்கு, அந்த மனத்துக்குச் சொந்தக்காரன் என்ன வேலை செய்கிறான், அதை எப்படிச் செய்கிறான் என்பதில் அக்கறையிருப்பதில்லை. மௌனியின் மனிதர்களுக்குக் கைகள் இருந்தனவா என்றே எனக்குச் சந்தேகம். கதைகளில் வண்டி பஞ்சரானால், அந்த நேரத்தில் கதாநாயகி வருவாள். தீவிரமான கதையென்றால் வாழ்வின் வெறுமை வரும். டியூபில் எங்கே ஓட்டை, எது குத்தியது என்று ஒருவரும் பார்க்கமாட்டார்கள். விதிவிலக்குகள் இருக்கின்றன. பூமணியின் 'பிறகு' 1979இல் வந்தபோது, தோலைத் தைக்கிற அழகிரியின் வேலை அதில் பின்னணியாக இல்லாமல் நாவலின் எலும்பாகவே இருந்தது. அது மொழி நுட்பத்தினால் மட்டும் வந்ததென்று நான் நினைக்கவில்லை. பார்வை இருக்கும் உயரம் வேறு. நின்றுகொண்டு பார்க்கிறவனுக்கு வேலை செய்கிறவனின் முதுகு மட்டுமே தெரியும்.

அப்பாவுக்கு நான்கு வருஷங்களாகக் கை நடுக்கம். பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னார். முதலில் கையெழுத்து சுருங்கி எறும்பாயிற்று. எங்கள் வங்கியிலேயே அவருடைய காசோலை கையெழுத்து பொருந்தவில்லையென்று ஒருமுறை திரும்பியது. பிறகு காப்பி டம்ளரை பாதிதான் நிரப்பவேண்டும் என்று ஆயிற்று. போன ஐப்பசியில் ஒரு நாள் நான் வாசலில் பின்சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நான் நட்டுகளைக் கீழே வைக்கப்போனபோது கையை நீட்டினார். வைத்தேன். உள்ளங்கையில் அவை ஒன்றோடொன்று இடித்துச் சன்னமாகச் சத்தம் போட்டன, நிற்காமல். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணிக்கோடா, ஒண்ணு விழுந்தாலும் தெரியாது எனக்கு" என்றார். முடுக்கும்போது, "அடுத்தடுத்து இல்ல. தாண்டித் தாண்டி" என்றார். முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம். சரிப்பா என்றேன். கடைசி முடுக்கின்போது அவர் வலது கை காற்றில் ஒரு இழுப்பு இழுத்தது. அந்த ஒரு க்ஷணத்துக்கு அதில் நடுக்கம் இல்லை. இதற்கு வைத்தியத்தில் ஏதாவது விளக்கம் இருக்கும். வண்டியைக் கொடுத்துவிடலாமா என்று அதற்கு முந்தின வாரம்தான் அவரே கேட்டிருந்தார். அதைப்பற்றி அன்று இருவரும் பேசவில்லை.

கழற்றிய சக்கரத்தை என்ன செய்வது என்பது அடுத்த பாடு. தண்ணீர்த் தொட்டி, உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுத் துண்டு என்று எல்லாம் வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஒட்டலாம். காற்றை அடித்துத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் ஓட்டை. தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்கவேண்டும். அவசரக்காரன் ஈரத்திலேயே ஒட்டுவான், மறுநாள் பிரிந்துகொள்ளும். டயரின் உட்புறத்தை விரலால் துழாவி ஆணியோ முள்ளோ இன்னும் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ரிம் பாதிகளைச் சேர்க்கும்போது டியூபில் கொஞ்சம் காற்று விட்டுக்கொண்டால்தான் நடுவே கடிபடாது. எனக்கு இது தெரியும். ஆனாலும் நான் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, எங்கள் கிளைக்கு எதிர்ப்புறம் மரத்தடியில் கடை போட்டிருக்கும் அண்ணனிடம்தான் போகிறேன். காரணம் சொல்கிறேன்.

ஸ்டெப்னி இல்லாத, டியூபே இல்லாத டயர்கள் வந்துவிட்டன. புது ஸ்கூட்டர்களில் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். ஆணியைப் பிடுங்கி, அந்த ஓட்டையில் பசை தோய்ந்த திரியைக் குத்தூசியால் சொருகி, மிச்சத்தை வெட்டிவிட்டால் முடிந்தது. அதற்கான சாமான்கள் பெட்டியாகக் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இது முன்னேற்றம்தான், இதில் எனக்கு மனஸ்தாபம் இல்லை. ஆனால் அண்ணனுக்கு வேலை குறைந்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன் முத்ரா திட்டத்தில் கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வந்தார். 2015இல் ஆரம்பித்த திட்டம். அதன் முதல் படியில் 50,000 ரூபாய் வரை, ஜாமீன் சொத்து இல்லாமல். மின்சாரத்தில் ஓடும் காற்று கம்பரஸர் ஒன்றும், டியூப் இல்லாத டயருக்கான சாமான்களும் வாங்க அவருக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. மனுவை நிரப்பித் தந்தது நான். தொழில் அனுபவம் என்ற இடத்தில் 26 வருஷம் என்று எழுதினேன். தொழில் நடக்கும் இடத்தின் முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவரைக் கேட்டேன். "மரத்தடின்னு எழுதுங்க சார், எல்லாருக்கும் தெரியுமே" என்றார். மனு மேலே போய், முகவரிச் சான்று இல்லையென்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதைச் சொல்ல அவரிடம் போனவனும் நானே. கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் வேலை அது. அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அப்பாவிடமிருந்து கற்ற வேலையை நான் செய்துகொள்வதில் ஒரு கர்வம் இருந்தது. சுயமரியாதை, சுயசார்பு என்று அதற்குப் பெரிய பெயர்கள்கூட வைத்திருந்தேன். சம்பளக்காரனின் சுயசார்பு இன்னொருவனின் அன்றைய வரும்படியில் கைவைக்கிறது என்பது அந்தக் கணக்கில் ஏறவில்லை. இதை எப்படித் தீர்ப்பது என்று எனக்குப் புலப்படவில்லை. வண்டியை அப்படியே தள்ளிக்கொண்டுபோய் அவரிடம் விட்டுவிட்டு, நிழலில் நின்று செல்போனைப் பார்ப்பதும் என்னால் ஆகாது. ஆகவே இந்த ஏற்பாடு: கழற்றுவதும் மாட்டுவதும் நான், ஒட்டுவது அவர்.

முதல் தடவை சக்கரத்தை மட்டும் கொண்டுபோய் வைத்தபோது அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்தார். ஸ்டட் ஓட்டைகளின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"யார் சார் கழட்டினது?"

"நான்தாண்ணே."

"ஒரு ஓட்டையும் அலையல. மாட்டறப்பவும் நீங்கதானா?"

ஆமாம் என்றேன். மிச்சக் காற்றை வெளியே விட்டார். அது முழுக்க அடங்கும்வரை ஸ்பானரைத் தொடவில்லை. நட்டுகளைத் தன் பனியனின் மடிப்பில் போட்டுக்கொண்டார். டியூபில் பழைய ஒட்டுகள் மூன்று இருந்தன. இரண்டு தன்னுடையவை என்றும், மூன்றாவது வேறு ஆளுடையது, தஞ்சாவூர்ப் பக்கத்து வேலை என்றும் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தான் ஓரத்தைச் சாய்வாக வெட்டுவதாகவும், அவர்கள் செங்குத்தாக வெட்டுவதாகவும் காட்டினார். விரல் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. முடிந்ததும் எவ்வளவு என்றேன்.

"கழட்டி மாட்ட நூறு, ஒட்ட அம்பது. நீங்க அம்பது குடுங்க சார்."

நூற்றைம்பதாக நீட்டினேன். நூறு ரூபாய்த் தாளைத் தனியே எடுத்து, சக்கரத்தின் மேல் வைத்து, சக்கரத்தோடு சேர்த்து என் பக்கம் நகர்த்தினார்.